திருத்தப்படாத வீடுகளும் திருத்தப்பட வேண்டிய விதிமுறைகளும்

வீடமைப்புத் திட்டமொன்று நிறைவடையும் போது நாடா வெட்டப்படுகின்றது. பெயர்ப்பலகை திரைநீக்கம் செய்யப்படுகின்றது. பயனாளியின் கையில் சாவி ஒப்படைக்கப்படும் காட்சி மறுநாள் பத்திரிகைகளில் வெளியாகின்றது. ஒழுகும் கூரை மாற்றப்பட்டதற்கோ வெடித்த சுவர் மீளக் கட்டப்பட்டதற்கோ எவரும் நாடா வெட்டுவதில்லை. முன்னேற்ற அறிக்கைகளிலும் புதிதாகக் கட்டப்பட்ட வீடுகளின் தொகைக்கே முதலிடம். திருத்தப்பட்ட வீடுகள் ஒரு வரியில் இடம்பெற்றாலே பெரிய விடயம்.

ஆனால், போரும் கடல்கோளும் வெள்ளமும் மண்சரிவும் கடந்து சென்ற நமது கிராமங்களையும் நகர்ப்புறக் குடியிருப்புகளையும் சுற்றி வருபவர்கள் காண்பது வேறு. முற்றாக அழிந்த வீடுகளை விடவும், பாதி நிற்கின்ற வீடுகளே கண்ணில் அதிகம் படுகின்றன. சுவர் இருக்கின்றது, கூரை இல்லை. கூரை இருக்கின்றது, கதவும் யன்னலும் இல்லை. முன் மண்டபத்துக்கு மட்டும் தகரம் போட்டு, பின் அறைகளை மழைக்கு விட்டுவிட்டுக் குடும்பமொன்று பத்து வருடங்களாக வாழ்ந்து வருகின்றது. இத்தகைய வீட்டுக்காரருக்கு வழங்கப்படும் உதவி எங்கிருந்து வருகின்றது, எந்த விதிகளின்படி வருகின்றது, ஏன் பெரும்பாலும் அரைகுறையாக வந்து சேர்கின்றது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் ஏற்படுத்திய பேரழிவின் பின்னர், வீட்டை முற்றாக இழந்தவர்களுக்கு 50 இலட்சம் ரூபாவும் பகுதியளவில் சேதமடைந்த வீடுகளுக்கு 25 இலட்சம் ரூபா வரையும் வழங்கப்படும் என அரசாங்கம் அறிவித்தது. முன்னைய அனர்த்தங்களுடன் ஒப்பிடுகையில் இவை பெரிய தொகைகள் என்பதில் ஐயமில்லை. எனினும், கடந்த நான்கு தசாப்த கால அனுபவம் எடுத்துக்காட்டுவது யாதெனில், ஒரு வீடு திருத்தப்படுகின்றதா இல்லையா என்பதைத் தீர்மானிப்பது தொகையின் அளவு மாத்திரமல்ல. அத்தொகையுடன் சேர்ந்து வரும் விதிகளே அதைப் பெரிதும் தீர்மானிக்கின்றன என்பதாகும்.

யாருடைய பொறுப்பு?

வீடு சேதமடைந்தால் மக்கள் முதலில் தேடிச் செல்வது தாம் வாக்களித்துத் தெரிவு செய்த பிரதேச சபை அல்லது நகர சபை உறுப்பினரையே. அவரும் மனுவை வாங்கிக் கொள்கின்றார். ஆனால், உதவி வழங்கும் அதிகாரம் அவரிடம் இல்லை. கிராம உத்தியோகத்தரின் பதிவு, பிரதேச செயலகத்தின் சிபாரிசு, தொழில்நுட்ப உத்தியோகத்தரின் மதிப்பீடு, மாவட்டச் செயலகத்தின் ஒப்புதல் என்ற பாதையிலேயே அனர்த்தக் கொடுப்பனவுகள் பயணம் செய்கின்றன. பிரதேச செயலகம் என்பது மத்திய அரசாங்கத்தின் அலுவலகம். பிரதேச சபை என்பது மக்கள் தெரிவு செய்த மன்றம். பெயரில் ஒற்றுமை இருப்பதால் இரண்டையும் ஒன்றென எண்ணி அலைந்து திரிந்தவர்கள் ஏராளம்.

1987 இன் 13 ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தின்படி, வீடமைப்புக் கடன் வசதிகள், உதவியுடன் கூடிய சுயமுயற்சி வீடமைப்பு, கிராமிய வீடமைப்பு என்பன மாகாண சபைகளுக்குரிய விடயங்களாகும். நடைமுறையிலோ, 1979 ஆம் ஆண்டுச் சட்டத்தினால் உருவாக்கப்பட்ட தேசிய வீடமைப்பு அதிகார சபையும், அவ்வப்போது பெயர் மாறும் மத்திய அமைச்சுகளுமே பணத்தைக் கையாண்டு வந்துள்ளன. 2017 இற்கும் 2019 இற்கும் இடையில் ஒவ்வொன்றாகப் பதவிக்காலம் முடிவடைந்த மாகாண சபைகள் பல ஆண்டுகள் தேர்தலின்றி ஆளுநர்களின் கீழ் இயங்கியமையால், காகிதத்தில் இருந்த அதிகாரமும் பேசுவாரற்றுப் போயிற்று.

பிரதேச சபையிடம் எஞ்சியிருப்பவை கட்டிட வரைபட அனுமதி, வீதி எல்லைக்கோடு, சோலைவரி என்பனவாகும். அதாவது, வீட்டைத் திருத்துவதற்கு உதவும் கை அதனிடம் இல்லை. கட்டணம் அறவிடும் கை மட்டும் இருக்கின்றது. வீடு திருத்தப்பட்டு அதன் பெறுமதி உயர்ந்தால் வருடாந்தப் பெறுமதியும் உயர்ந்து வரியும் கூடும் என்பது இதிலுள்ள இன்னொரு வேடிக்கை.

மலையகத்தில் நிலைமை இதை விடவும் மோசமாக இருந்தது. தோட்டக் குடியிருப்புகளுக்காகப் பிரதேச சபைகள் தமது நிதியைச் செலவிடுவதற்குத் தடையாக இருந்த, 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33 ஆம் பிரிவு 2018 ஆம் ஆண்டிலேயே திருத்தப்பட்டது. முப்பது ஆண்டுகளாக வாக்கை மட்டும் பெற்றுக்கொண்டு வடிகானுக்குக் கூடச் செலவிட முடியாத சபைகள் அங்கே இயங்கின. லயன் அறையின் கூரைத் தகரம் துருப்பிடித்தால் அதைத் தொழிலாளி சொந்தச் செலவில் மாற்றுவதா, தோட்ட நிர்வாகம் மாற்றுவதா என்ற வினாவுக்கே தெளிவான விடை இருக்கவில்லை. தனக்குச் சொந்தமில்லாத கூரைக்கு எவரும் கடன் வழங்குவதில்லை. எவரும் கடன் வாங்கவும் துணிவதில்லை.

சிறு கடன் என்ற பழைய யோசனை

வீடு திருத்துவதற்குச் சிறு கடன் என்ற யோசனை இந்நாட்டுக்குப் புதியதன்று. 1984 முதல் 1989 வரை நடைமுறையிலிருந்த பத்து இலட்சம் வீட்டுத் திட்டத்தின் அடிப்படையே அதுதான். அதற்கு முந்திய ஒரு இலட்சம் வீட்டுத் திட்டத்தில் அரசாங்கமே பெருமளவு வீடுகளைக் கட்டிக் கொடுக்க முற்பட்டு, செலவு கைமீறிச் சென்ற அனுபவத்திலிருந்து இது பிறந்தது. அரசாங்கம் குறைவாகத் தலையிட்டு, மக்கள் தமது வீட்டைத் தாமே கட்டவும் திருத்தவும் ஆதரவு வழங்குவது என்பதே அதன் கொள்கையாக இருந்தது. புதிய வீட்டுக்கு ஒரு கடன், இருக்கும் வீட்டைத் திருத்த ஒரு கடன், கிணறு அல்லது மலசலகூடத்துக்கு ஒரு சிறு கடன் என்று வகைவகையாகப் பிரித்து வழங்கினார்கள். தொகை சில ஆயிரம் ரூபாவே. கிராமங்களில் கிராமோதய மண்டலங்களூடாகவும், நகரங்களில் உள்ளூராட்சி மன்றங்களையும் குடியிருப்பாளர்களின் சமூக அபிவிருத்தி மன்றங்களையும் துணையாகக் கொண்டும் வேலை நடைபெற்றது.

அதன் சிறப்பு ஒன்றை இங்கு குறிப்பிட்டே ஆக வேண்டும். வீடு என்பது ஒரே தடவையில் கட்டி முடிக்கப்படும் பொருளல்ல என்பதை அத்திட்டம் ஏற்றுக்கொண்டது. இந்த வருடம் அத்திவாரம், அறுவடை நன்றாக அமைந்தால் அடுத்த வருடம் சுவர், மகளின் திருமணத்துக்கு முன்னர் ஓடு என்று படிப்படியாக வீடு கட்டுபவர்களே நமது மக்கள். ஏழைகளின் வீடு எப்போதும் திருத்தத்தில் இருக்கும் வீடு. அந்தப் போக்குக்கு ஏற்றவாறு கடனைச் சிறு சிறு துண்டுகளாக வழங்கியமை ஒரு புத்திசாலித்தனமான ஏற்பாடாகும்.

பிழைத்தது எங்கே? திருப்பிச் செலுத்துவதில். அரசாங்கக் கடனைத் திருப்பிச் செலுத்த வேண்டியதில்லை என்ற எண்ணம் மக்களிடம் பரவியது. அரசியல்வாதிகளும் அவ்வெண்ணத்தைக் கலைக்க விரும்பவில்லை. பணம் திரும்பி வராததால் அடுத்தவருக்குக் கடன் வழங்க நிதி இருக்கவில்லை. போர் தீவிரமடைந்திருந்த வடக்கு கிழக்கில் இத்திட்டம் தென்னிலங்கையில் சென்ற அளவுக்கு வேரூன்றவுமில்லை. நமது பகுதிகளில் வீட்டுதவி என்றாலே நிவாரணம் அல்லது நட்டஈடு என்ற பொருள் நிலைத்துவிட்டமைக்கு அதுவும் ஒரு காரணம் எனலாம்.

நாற்பது வீதக் கோடு

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையின் பின்னர் வகுக்கப்பட்ட விதிகள் இன்றுவரை நமது வீட்டுதவி நடைமுறைகளின் மாதிரியாக விளங்குகின்றன. அவற்றைச் சற்று விரிவாக நோக்குவது பயனுடையது. சேதம் 40 வீதத்துக்கு மேற்பட்டதாயின் அவ்வீடு முற்றாகச் சேதமடைந்ததாகக் கருதப்பட்டு 2 இலட்சத்து 50 ஆயிரம் ரூபா நான்கு தவணைகளில் வழங்கப்பட்டது. 40 வீதத்துக்குக் குறைவாயின் பகுதிச் சேதம்; ஒரு இலட்சம் ரூபா இரண்டு தவணைகளில்.

கோடு ஒன்று வரையப்பட்டாக வேண்டும் என்பதை நாம் ஏற்றுக்கொள்கின்றோம். ஆனால், 38 வீதம் என மதிப்பிடப்பட்ட வீட்டுக்காரருக்கும் 42 வீதம் என மதிப்பிடப்பட்ட அவருடைய அயலவருக்கும் இடையில் சேதத்தின் வித்தியாசம் ஒரு சுவரின் வெடிப்பாக இருக்கலாம்; உதவியின் வித்தியாசமோ ஒன்றரை இலட்சம் ரூபா. இதன் விளைவு என்ன? நிற்கின்ற சுவரைக் காப்பாற்றுவது நட்டம். அது விழுந்துவிட்டால் இலாபம். திருத்தி எடுக்கக் கூடிய வீட்டை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுமாறு விதியே ஆலோசனை கூறுகின்றது. மதிப்பிடுபவர் மீது அழுத்தம் விழுவதும், ஊரில் ஒருவரையொருவர் சந்தேகத்துடன் நோக்குவதும் இக்கோட்டின் உடன்பிறப்புகள்.

கோட்டுக்குக் கீழே விழுந்தவரின் இன்னல் அத்துடன் முடியவில்லை. வெளிநாட்டு உதவி நிறுவனங்கள் முழு வீடு கட்டும் பயனாளிகளுக்கு மேலதிக நிதி வழங்கின. சிலர் வீட்டை முழுமையாகவே கட்டிக் கொடுத்தனர். பகுதிச் சேதம் என்ற பட்டியலில் இருந்தவரைத் தேடி வந்தவர்கள் குறைவு. அதே காலப்பகுதியில் சீமெந்து, மணல், மேசன் கூலி யாவும் உயர்ந்தன. புதிய வீடுகளுக்காக உருவான கிராக்கி, பழைய வீட்டைத் திருத்துபவரின் செலவையும் சேர்த்தே உயர்த்திவிட்டது.

கரையோரத்தில் இன்னொரு கோடும் வரையப்பட்டது. தெற்கிலும் மேற்கிலும் கடலிலிருந்து 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர் வரையான பகுதி கட்டிடத் தடை வலயமாக 2005 இல் அறிவிக்கப்பட்டது. வலயத்தினுள் வீடு முற்றாக அழிந்திருந்தாலும் பாதி நின்றாலும் அதே இடத்தில் திருத்தவோ கட்டவோ மானியம் இல்லை. மாற்றுக் காணி தரப்படும் எனக் கூறப்பட்டது. மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது போன்று ஒரு அங்குலக் காணிக்கும் தட்டுப்பாடு நிலவும் ஊர்களில் அம்மாற்றுக் காணி எங்கிருந்து வரும்? பின்னர் வலயம் தளர்த்தப்பட்டது. ஆனால், இடைப்பட்ட காலத்தில் கூரையின்றி நின்ற சுவர்கள் இரண்டு மாரிகளைக் கண்டிருந்தன.

அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சவூதி அரேபியாவின் உதவியுடன் கட்டப்பட்ட 500 வீடுகளின் கதையை அம்பாறை மாவட்ட வாசகர்களுக்கு நாம் புதிதாகக் கூற வேண்டியதில்லை. கட்டி முடிக்கப்பட்ட வீடுகள், பகிர்ந்தளிப்புத் தொடர்பான வழக்கின் காரணமாகப் பல ஆண்டுகள் ஆளில்லாமல் புதர் மண்டிக் கிடந்தன. அதே காலத்தில் சில மைல் தூரத்தில் குடும்பங்கள் தற்காலிகக் கொட்டில்களில் வாழ்ந்தன. பெரும் வீட்டுத் தொகுதி ஒன்று இனங்களுக்கிடையிலான பிணக்காக மாறலாம். அவரவர் வளவில் அவரவர் வீட்டைத் திருத்துவதற்கு வழங்கப்படும் உதவி அவ்வாறு மாறுவது அரிது. தமிழ், முஸ்லிம் கிராமங்கள் அடுத்தடுத்து அமைந்திருக்கும் கிழக்கில் இது சாதாரண விடயமல்ல.

உறுதி யாருடைய பெயரில்?

கிழக்கில் தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் மகளுக்கு வீடு கொடுத்துத் திருமணம் செய்து வைப்பதே வழமை. வீடும் வளவும் பெண்ணுடையவை. மருமகன் அவ்வீட்டுக்கு வந்து குடியேறுகின்றார். ஆழிப்பேரலைக்குப் பிந்திய உதவி நடைமுறைகளில் ‘குடும்பத் தலைவர்’ என்ற நிரல் படிவத்தில் இருந்தது. அதில் கணவரின் பெயர் எழுதப்பட்டது. வங்கிக் கணக்கும் அவர் பெயரில் திறக்கப்பட்டது. மாற்றுக் காணி வழங்கப்பட்ட இடங்களில் அனுமதிப்பத்திரமும் அவர் பெயரிலேயே எழுதப்பட்டது. தாய் வழியாக வந்த சொத்து ஒரு படிவத்தின் வழியாகக் கைமாறியது. பெண்கள் அமைப்புகள் இதைச் சுட்டிக்காட்டி, இருவர் பெயரிலும் கூட்டாக எழுதுமாறு கோரின. சட்ட ரீதியான சிக்கல்கள் பல எடுத்துரைக்கப்பட்டன. அரச காணிக்கான காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தில் வாரிசுரிமையில் ஆண்களுக்கு வழங்கப்பட்டிருந்த முன்னுரிமை 2022 இலேயே நீக்கப்பட்டது என்பதை நோக்குகையில், அக்கோரிக்கை எவ்வளவு பெரிய சுவரில் மோதியது என்பது விளங்கும்.

உறுதி இல்லாதவர்களின் நிலை வேறு. பல தடவைகள் இடம்பெயர்ந்தவர்களிடம் காணி உறுதி எஞ்சியிருந்தால் அது அதிசயமே. உறுதியின் பிரதியைக் காணிப் பதிவகத்தில் பெறலாம் என்பது உண்மை. பதிவகத்தின் ஏடுகளும் அழிந்த மாவட்டங்களில் அது பதிலாகாது. இடம்பெயர்ந்தவரின் வீட்டில் பத்து வருடங்களுக்கு மேல் குடியிருந்த இன்னொருவர் ஆட்சி உரிமை கோரும் நிலையும் தோன்றியது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தை அக்கணக்கில் சேர்க்கக் கூடாது எனக் கூறும் விசேட ஏற்பாட்டுச் சட்டம் 2016 ஆம் ஆண்டில்தான் நிறைவேற்றப்பட்டது. அதற்குள் முக்கியமான வீட்டுத் திட்டங்கள் பெரும்பாலும் நடந்து முடிந்திருந்தன. வழக்கு முடியும் வரை திருத்தவும் முடியாது, கடன் பெறவும் முடியாது. மழை மட்டும் வழக்குக்காகக் காத்திருப்பதில்லை.

வராததால் வீடில்லை, வீடில்லாததால் வரவில்லை

போர் முடிவுற்ற பின்னர் நடைமுறைக்கு வந்த இந்திய வீட்டுத் திட்டம் 50,000 வீடுகளைக் கொண்டது. 2010 இல் அறிவிக்கப்பட்டு, 2012 ஒக்டோபரில் பெருமளவில் ஆரம்பிக்கப்பட்ட இத்திட்டத்தில் வடக்கு கிழக்கில் புதிய வீட்டுக்கு 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபாவும், திருத்த வேலைக்கு 2 இலட்சத்து 50 ஆயிரம் ரூபாவும் பயனாளியின் வங்கிக் கணக்குக்கு நேரடியாகத் தவணைகளில் வழங்கப்பட்டன. ஒப்பந்தக்காரரை நடுவில் வைக்காமல் வீட்டுக்காரரிடமே பணத்தைக் கொடுத்தமை பாராட்டத்தக்கது. திருத்தத்துக்கெனத் தனியான தொகை ஒதுக்கப்பட்டமையும் வரவேற்கத்தக்கதே.

குறை, தெரிவில் இருந்தது. புள்ளி வழங்கும் முறையில் அங்கத்தவர் அதிகமுள்ள குடும்பங்கள் முன்னின்றன. வயோதிபத் தம்பதியர், தனித்து வாழும் பெண்கள், பிள்ளைகளைப் போரில் இழந்த பெற்றோர் பின்தள்ளப்பட்டனர். போரினால் குடும்பம் சிறுத்துப் போனவருக்கு, குடும்பம் சிறிது என்ற காரணத்தினாலேயே புள்ளி குறைவது எவ்வகையில் நியாயமாகும்?

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட சுமார் 75,000 முஸ்லிம்களின் நிலை இன்னொரு வகையானது. யாழ்ப்பாணம் சோனகத் தெருவிலும் மன்னார் முசலியிலும் எருக்கலம்பிட்டியிலும் அவர்கள் விட்டுச் சென்ற வீடுகளின் ஓடும் தீராந்தியும் கதவு நிலையும் களவு போயின. சுவர்கள் மட்டும் நின்றன. திரும்பி வந்து பதிவு செய்தவர்களிடம், நிரந்தரமாகக் குடியேறியிருந்தால் மாத்திரமே வீட்டுதவி என்று கூறப்பட்டது. பிள்ளைகளைப் புத்தளத்துப் பாடசாலையில் விட்டுவிட்டு, கூரையில்லாத சுவர்களுக்கிடையில் எவ்வாறு நிரந்தரமாகக் குடியேறுவது? வராததால் வீடில்லை, வீடில்லாததால் வரவில்லை. இருபது வருடங்களில் ஒரு குடும்பம் மூன்று நான்கு குடும்பங்களாகப் பெருகியிருந்ததும் கணக்கில் எடுக்கப்படவில்லை. ஒரு வீட்டுக்கு ஒரு விண்ணப்பம் என்றால், மற்றைய பிள்ளைகள் எங்கே செல்வது என்ற வினா எஞ்சியது. வலிகாமம் வடக்கில் உயர்பாதுகாப்பு வலயத்திலிருந்து கட்டம் கட்டமாக விடுவிக்கப்பட்ட காணிகளுக்குத் திரும்பிய தமிழ்க் குடும்பங்களும் ஏறக்குறைய இதே வினாக்களையே எதிர்கொண்டன என்பது நோக்கத்தக்கது. துன்பத்தின் வரலாறு வெவ்வேறாயினும், படிவத்தின் முன்னால் இரு சமூகத்தவரும் ஒரே வரிசையில்தான் நின்றனர்.

தவணை முறையின் தலைகீழ்க் கணக்கு

தவணை முறை புதிய வீட்டை மனத்திற் கொண்டு வகுக்கப்பட்டது. அத்திவாரம் முடிந்ததும் ஒன்று, சுவர் எழும்பியதும் ஒன்று, கூரைக்கு ஒன்று, பூச்சுக்கும் கதவுக்கும் ஒன்று. பணம் வேறு வழியில் செலவிடப்படாமல் தடுப்பதற்கு இது தேவை என்பதை மறுக்க முடியாது. ஆனால், திருத்த வேலை அவ்வரிசையில் நடப்பதில்லை. அங்கே முதலில் வேண்டியது கூரை. கூரை இல்லாமல் சுவரைப் பூசினால் அடுத்த மாரியில் பூச்சு உதிரும். கூரையோ திருத்தத்தில் அதிக செலவு கோரும் பகுதி. முதலாவது தவணை சிறியது, கூரைக்குப் போதாது. ஆகவே, வீட்டுக்காரர் முதற் தவணையில் நிலத்துக்குச் சீமெந்து போடுகின்றார். சுவருக்கு வெள்ளை பூசுகின்றார். முன்னேற்றம் காட்டியாக வேண்டுமே. இரண்டாவது தவணை வந்து கூரை ஏறும் போது சிலாகையும் ஓடும் விலை கூடியிருக்கின்றன.

மேலும், நீண்ட காலம் மழையில் நின்ற சுவரின் உண்மை நிலை, வேலை தொடங்கிய பின்னரே தெரியவரும். சுவர் வெடிப்பில் ஆலும் அரசும் வேர் விட்டிருக்கும். சுவரின் மேல் வளையம் இராது. புதிய கூரையின் பாரத்தை அது தாங்குமா என்பது ஐயத்துக்குரியது. கிணறு தூர்ந்திருக்கும். ஒரு தடவை வந்து அரை மணித்தியாலத்தில் எழுதப்படும் மதிப்பீட்டில் இவை அடங்குவதில்லை. எந்த அனுபவமுள்ள மேசனும் பழைய வீட்டு வேலைக்குத் திட்டமான விலை கூறத் தயங்குவார். மானியம் வழங்கும் அலுவலகம் மட்டும் தயங்குவதில்லை.

துண்டு விழும் தொகை எங்கிருந்து வருகின்றது? முதலில் காதிலும் கழுத்திலும் இருந்து அடைவு கடைக்கு. அடுத்து, வாசலுக்கு வந்து வாரம் தோறும் அறவிடும் நுண்கடன் நிறுவனங்களிடமிருந்து. மானியத்தால் தொடங்கிய வீட்டை முடிப்பதற்காகக் கடன்பட்ட குடும்பங்கள், குறிப்பாகப் பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்கள், வன்னியிலும் கிழக்கிலும் அடைந்த துயரம் பரவலாகப் பேசப்பட்டது. 2018 ஆம் ஆண்டில் வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசாங்கம் முன்வர வேண்டிய நிலை ஏற்பட்டது. இலவசமாக வந்த வீடு என ஊரார் பேசிய வீட்டின் கூரையில் வட்டி ஏறிக்கொண்டிருந்தது.

முஸ்லிம் குடும்பங்களில் இன்னொரு தடையும் உண்டு. வட்டியுடன் கூடிய கடனை மார்க்கக் காரணங்களுக்காகத் தவிர்ப்பவர்களுக்கு, வீடமைப்பு அதிகார சபையின் குறைந்த வட்டிக் கடனும் வங்கிக் கடனும் ஒன்றுதான். பள்ளிவாசல் நிர்வாகங்களும் ஸகாத் நிதியங்களும் கூரை மாற்றுதல், மலசலகூடம் கட்டுதல் போன்றவற்றுக்கு உதவுகின்றன. வட்டியில்லாத ‘அழகிய கடன்’ என்ற மரபும் இருக்கின்றது. அரசாங்கத்தின் கடன் திட்டங்களில் வட்டிக்குப் பதிலாக ஒரு தடவை அறவிடப்படும் சேவைக் கட்டணம் என்ற தெரிவு இருக்குமானால் ஒதுங்கி நிற்பவர்கள் பலர் உள்ளே வருவர். தமிழ்க் குடும்பங்களுக்கும் அதில் நட்டமொன்றுமில்லை.

சபைகள் செய்யக் கூடியவை

2025 மே மாதத் தேர்தலின் பின்னர் உள்ளூராட்சி மன்றங்கள் மீண்டும் மக்கள் பிரதிநிதிகளின் கைகளுக்கு வந்துள்ளன. மானியம் வழங்கப் பெருநிதி இல்லை என்பது உண்மையே. ஆனால், எதுவுமே செய்ய முடியாது என்பது உண்மையல்ல. வெளிப்புற அளவு மாறாத திருத்த வேலைகளுக்கு வரைபடக் கட்டணத்தைக் குறைக்கவோ நீக்கவோ வழி தேடலாம். அனர்த்தத்தால் சேதமடைந்து திருத்தப்பட்ட வீட்டின் வருடாந்தப் பெறுமதியைச் சில வருடங்களுக்கு உயர்த்தாமல் விடுவது பற்றி ஆராயலாம். சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தர் பிரதேச செயலக மதிப்பீட்டுடன் இணைந்து செல்வதற்கு ஏற்பாடு செய்தால், சபை உறுப்பினர் வாங்கும் மனுவுக்குச் சிறிதளவாவது பொருள் இருக்கும்.

கடனைப் பொறுத்தவரை, ஆளையாள் அறிந்த சிறு குழு கடனைத் திருப்பித் தருகின்றது என்பதற்கு உள்நாட்டிலேயே சான்று உண்டு. சணச சிக்கன கடன் சங்கங்களும், கொழும்பின் குறைந்த வருமானக் குடியிருப்புகளில் பெண்களின் சிறு சேமிப்புக் குழுக்களாகத் தோன்றி வளர்ந்த மகளிர் வங்கியும் வீடு திருத்தக் கடன் வழங்கி வந்துள்ளன. வடக்கில் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களும் சிக்கன கடன் சங்கங்களும் போருக்கு முன்னர் வலுவாக இருந்தவை. வெளியிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்து அறவிடுபவரை விட, உள்ளூர்ச் சங்கத்தின் செயலாளருக்கு எந்த வீட்டில் எந்த மாதம் நெல் விற்ற பணம் வரும் என்பது தெரியும். மத்திய அரசாங்கத்தின் வீடமைப்பு நிதியில் ஒரு பங்கை இச்சங்கங்களுக்குச் சுழற்சி நிதியாக வழங்குவது புதிய கண்டுபிடிப்பல்ல. கைவிடப்பட்ட பழைய பாதையே.

மதிப்பீட்டுக் கோட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2016 ஏப்ரலில் தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியத்தினூடாக அறிமுகப்படுத்தப்பட்ட அனர்த்தக் காப்புறுதியில், 25 இலட்சம் ரூபா உச்சவரம்புக்குள் உண்மையான சேதத்தின் பெறுமதிக்கு ஏற்பவே கொடுப்பனவு வழங்கப்பட்டது. கோட்டுக்கு மேல், கோட்டுக்குக் கீழ் என்ற பிரிவினையின்றி, சேதத்துக்கேற்பப் படிப்படியாக உயரும் கொடுப்பனவு சாத்தியமே என்பதை அது எடுத்துக்காட்டியது. தாமதங்கள் பற்றிய முறைப்பாடுகள் இருந்த போதிலும், கொள்கையளவில் அது 2005 ஆம் ஆண்டின் நாற்பது வீதக் கோட்டை விட நியாயமானது.

சேதமடைந்த வீட்டுக்காரர்கள் தம்மளவில் கவனிக்க வேண்டியவையும் உள. இடிபாடுகளை அகற்றுவதற்கு முன்னர் ஒவ்வொரு அறையையும் சுவரையும் திகதியுடன் புகைப்படம் எடுத்துக் கொள்வது அவசியம். மதிப்பீட்டு அறிக்கையின் பிரதியைக் கேட்டுப் பெற வேண்டும். 2016 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அதற்கு விண்ணப்பிக்கலாம் என்பதைப் பலர் அறிந்திருப்பதில்லை. மதிப்பீட்டில் உடன்பாடு இல்லையாயின் வாய்மொழியாக முறையிட்டுவிட்டுத் திரும்பாமல், பிரதேச செயலாளருக்கு எழுத்தில் மேன்முறையீடு செய்து, கிடைத்ததற்கான கையொப்பத்தைப் பெற வேண்டும். வீடு மனைவியின் சீதன உறுதியில் இருப்பின், விண்ணப்பமும் வங்கிக் கணக்கும் அவர் பெயரிலேயே அமைய வேண்டும் என்பதைப் படிவம் நிரப்பும் வேளையிலேயே வலியுறுத்துவது நன்று. பணம் வந்த பின்னர் பெயரை மாற்றுவது மிகவும் கடினம். முதற் தவணையைக் கூரைக்குச் செலவிட விரும்புவதாகவும், அதற்கேற்பத் தவணைகளின் அளவை மாற்றித் தருமாறும் வேலை தொடங்குவதற்கு முன்னரே எழுத்தில் கோரலாம். எல்லா அலுவலகங்களும் இணங்கும் என்று கூற முடியாது. ஆனால், கோரிக்கை கோவையில் இருந்தால்தான், கூரையின்றிப் பூசப்பட்ட சுவர் மாரியில் உதிரும் போது, யாருடைய விதியால் அது உதிர்ந்தது என்று கேட்பதற்கு இடமிருக்கும்.